மாட்டுக்குப் பல் இருக்கிறது, நடுவர் அவர்களே!

(தலைப்பு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா, தனியாக ஆன்டிவைரஸ் வேண்டுமா? ‘டிஃபெண்டரே போதும்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம். எனக்கு முன்னால் பேசிய நண்பர் வைத்துவிட்டுப் போன குத்தல் பெரிது. அதற்கு வருவேன், விடமாட்டேன். முதலில் என் மாமா வீட்டுக்கு வாருங்கள்.

மாமா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் அது எழுந்து உட்கார 11 நிமிடம் ஆகும். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். 11 நிமிடம்! மாமா காலையில் எழுந்ததும் பட்டனை அமுக்குவார், குளிக்கப் போவார். குளித்துவிட்டு வருவார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். தலை துவட்டுவார், சுற்றும். துவைத்த சட்டையாக எடுத்துப் போடுவார், சுற்றும். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுவார், சுற்றும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அப்போதும் சுற்றும்!

“என்ன மாமா இது, இவ்வளவு நேரம்?” என்றேன்.

“வயசாயிடுச்சு மாப்ளே. என்னை மாதிரிதான், எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகுது.”

வட்டம் நின்றது. திரை வந்தது. வந்த வேகத்தில் வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி: ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது!’ மூடினேன். அது போன இடத்தில் மஞ்சளாக இன்னொன்று: ‘உங்கள் பாதுகாப்பு முடிய இன்னும் 3 நாள்!’ அதையும் மூடினேன். மூன்றாவதாக ஒன்று மெதுவாக ஏறி வந்தது. அது சொன்னதைக் கேளுங்கள்: ‘உங்கள் கணினி மெதுவாக இயங்குகிறது. வேகமாக்க இங்கே அழுத்துங்கள்.’

மெதுவாக்கியது யார், நடுவர் அவர்களே? அதை நம்மிடம் வந்து புகார் சொல்வது யார்?

“மாமா, எத்தனை ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணுதான் மாப்ளே.”

பட்டியலைத் திறந்தேன். மூன்று! ஒன்று கம்ப்யூட்டர் வாங்கும்போதே ட்ரையலாக உள்ளே வந்தது. அது ‘முடியப் போகிறது, முடியப் போகிறது’ என்று பயமுறுத்தியதால் காசு கொடுத்து வாங்கியது இரண்டாவது. மூன்றாவது ஒரு வீடியோ கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நிறுவும்போது ஒரு சின்னக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வழி. மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “மூணு இருந்தா மூணு மடங்கு பாதுகாப்புதானே மாப்ளே?”

இல்லை. ஒரு போட்டோவை டபுள் கிளிக் செய்தால் அது நேராகத் திறந்துவிடாது. ஆன்டிவைரஸ் நடுவில் நின்று அந்தக் கோப்பை நிறுத்தி, சோதித்து, பிறகுதான் உள்ளே விடும். வாசலில் ஒரு காவலர் இருந்தால் ஒரு சோதனை. இரண்டு பேர் இருந்தால்? முதல் காவலர் கோப்பைத் திறந்து பார்ப்பார். ‘யாரோ ஒரு கோப்பைத் திறக்கிறார்களே’ என்று இரண்டாமவர் அதை நிறுத்திச் சோதிப்பார். வந்தவரை ஒருவர் தடவிப் பார்க்க, தடவுகிறவரை இன்னொருவர் தடவிப் பார்க்கிறார். மூன்றாமவர் இரண்டு பேரையும் பிடித்துக்கொள்கிறார். வந்தவர் வாசலிலேயே நிற்கிறார்!

மாமாவுடையது சுழலும் ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று காவலர்கள் அந்த டிஸ்க்கைப் படிக்கும் முள்ளை அங்கேயும் இங்கேயும் இழுத்தால் என்ன ஆகும்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் என்ற பத்தியில் 100%. இறங்கவே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து ‘கர்ர், கர்ர்’ என்று ஒரு சத்தம் வேறு. மாமா அதை ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றையும் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எடுப்பது அவ்வளவு லேசா? ஒன்று ‘போகச் சொல்கிறீர்களா, உறுதியாகவா?’ என்று கேட்டது. உறுதி என்றேன். ‘ஏன்?’ என்று காரணம் கேட்டது. சொன்னேன். ‘தள்ளுபடி தருகிறோம், இருக்கட்டுமா?’ என்றது. இன்னொன்று போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி உடம்பை உள்ளேயே விட்டுவிட்டுப் போனது. அதைத் துடைக்க அந்த நிறுவனமே தனியாக ஒரு கருவி வைத்திருக்கிறது. மதியம் முழுக்க இதே வேலை.

கடைசி ஆளும் போனான். மறுபடி ஆன் செய்தேன். யாரும் அழைக்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. டிஃபெண்டர் தானாக வந்து நின்றது, பச்சை டிக்கோடு. விண்டோஸில் ஏற்பாடே அப்படித்தான். வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அது போனால் திரும்பி வரும்.

மாமாவுக்குச் சந்தேகம். “இது முழிச்சிருக்கா மாப்ளே? ஒண்ணுமே பேச மாட்டேங்குதே?” ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்து, யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆன்டிவைரஸ்கள் எல்லாம் அதை வைரஸாகப் பாவித்துப் பிடிக்க வேண்டும் என்று பொதுவில் வைத்துக்கொண்டது. நோட்பேடில் அந்த ஒரு வரியை ஒட்டிச் சேமித்தேன். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை, பிடித்துவிட்டது! மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “மறுபடி செய் மாப்ளே!” செய்தேன். பிடித்தது. “இன்னொரு தடவை!” நான்கு தடவை செய்யச் சொன்னார் அவைக்குரியவர்களே, நான்கு தடவையும் பிடித்தது.

அதன் பிறகு ஆன் செய்து பார்த்தோம். 2 நிமிடம். தலை துவட்ட நேரமில்லை!

இப்போது நண்பரின் குத்தல். என்ன சொன்னார்? “தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எதிரணியினர் பல்லே இல்லாத மாட்டைக் கட்டி வைத்துக்கொண்டு பால் கறக்கப் பார்க்கிறார்கள்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்ல உவமைதான். ஆனால் அந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே ஐயா!

ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்று ஓர் ஆய்வகம். ஆன்டிவைரஸ்களுக்குப் பரீட்சை வைப்பதுதான் அவர்கள் வேலை. மூன்று பாடம்: பாதுகாப்பு, வேகம், வீண் பயம் காட்டாமை. பாடத்துக்கு 6, மொத்தம் 18 மதிப்பெண். 2013 வாக்கில் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் அங்கே பாதுகாப்புப் பாடத்தில் கடைசி பெஞ்சில் இருந்தது உண்மை. நண்பர் அந்தக் காலத்து மாட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். அது கன்று! பல் முளைத்துப் பல வருடம் ஆகிறது. அதே ஆய்வகத்தில், அதே பாதுகாப்புப் பாடத்தில், டிஃபெண்டர் 6-க்கு 6 வாங்குவது இன்று செய்தியே இல்லை.

இன்னொரு ஆய்வகம் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரக்கில், ஏவி-கம்பாரட்டிவ்ஸ். அவர்கள் வேகத்துக்கென்றே தனியாகச் சோதனை நடத்துகிறார்கள். கோப்பை நகலெடுப்பது, சுருக்குவது, விரிப்பது, மென்பொருள் நிறுவுவது, திறப்பது, இறக்குவது, இணையம் பார்ப்பது எல்லாவற்றையும் ஆன்டிவைரஸோடும் இல்லாமலும் செய்து நேரம் குறிக்கிறார்கள். அங்கே காசு கொடுத்து வாங்கும் சில ஆன்டிவைரஸ்கள் டிஃபெண்டரைவிட லேசாக ஓடியிருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். பெரிய ஃபோல்டரை நகலெடுக்கும்போது டிஃபெண்டர் இழுக்கும், நானே பார்த்திருக்கிறேன். இணையம் இல்லாவிட்டால் அதன் கண்பார்வை குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அது கிளவுடை, அதாவது இணையத்துக்கு அப்பால் இருக்கும் மைக்ரோசாஃப்டின் கம்ப்யூட்டர்களை, நம்பி வேலை செய்வது. இணையமே இல்லாமல் பென்டிரைவிலேயே பிழைப்பு நடத்தும் வீட்டுக்காரர் தனியாக ஒன்று வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் வீட்டில் நாம் செய்வது என்ன? போட்டோ பார்ப்போம், கடிதம் அடிப்போம், பிரவுசரில் உட்காருவோம். அங்கே டிஃபெண்டருக்கும் காசு கொடுத்து வாங்கியதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாடு சில நேரம் மெதுவாக நடக்கிறது என்று சொல்லுங்கள், தலை வணங்குகிறேன். பல் இல்லை என்று சொல்லாதீர்கள்!

நான் நண்பரைத் திருப்பிக் கேட்கிறேன். தனியாகப் பிடித்து வந்தீர்களே, அந்த மாட்டின் பல்லை நீங்கள் பார்த்தீர்களா? 2021-இல் நார்ட்டன் 360 ஆன்டிவைரஸோடு கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைத்துக் கிரிப்டோ என்ற இணைய நாணயம் தோண்டும் கருவி ஒன்று சேர்ந்து வந்தது. நாம் சரி என்றால் நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அது தோண்டும். தோண்டியதில் 15% நிறுவனத்துக்கு! கரண்ட் பில் யாருக்கு? நமக்கு! அவாஸ்ட் என்ற இன்னொரு ஆன்டிவைரஸின் கதை இன்னும் மோசம். நாம் இணையத்தில் எங்கெங்கே போனோம் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-இல் அந்தத் துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி அவாஸ்டைக் கட்டச் சொன்ன தொகை 1 கோடியே 65 லட்சம் டாலர். நாங்கள் மாட்டைக் கறக்கப் பார்க்கிறோம் என்றாரே நண்பர். அங்கே மாடு வீட்டுக்காரரைக் கறந்திருக்கிறது, நடுவர் அவர்களே!

எதிரணித் தலைவர் வான்னகிரையைச் சொன்னார், கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்ட வைரஸ். 2017 மே 12. உலகமே நடுங்கியது, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது எப்போது? அதே வருடம் மார்ச் 14. இரண்டு மாதம் அந்த அப்டேட் போடாமல் கிடந்த கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. அதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன்.

என் மாமா கடிதம் அடிப்பவர் இல்லை, இணையத்தில் உட்காருபவரும் இல்லை. பிறகு எதற்காகத் தினமும் காலையில் அந்த 11 நிமிடம்?

அன்று மதியம், எல்லாம் முடிந்த பிறகு, அவர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே அத்தையின் போட்டோக்கள். அத்தை காலமாகி அப்போது இரண்டு வருடம். போட்டோக்களுக்குக் கீழே ஒரு ஒலிப்பதிவு. மைக் வேலை செய்கிறதா என்று எப்போதோ சோதித்துப் பார்த்தபோது தற்செயலாகப் பதிவானது. அத்தை கேட்கிறார்: “என்னங்க, இதுல பேசுனா கேக்குமா?” அவ்வளவுதான். அதை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மாமாவுக்குப் பொழுது விடியும்.

குளித்தார், சட்டை மாற்றினார், கண்ணாடி பார்த்துத் தலை சீவினார் என்று சொன்னேனே, நீங்கள் எல்லாம் சிரித்தீர்கள். அவர் அத்தையைப் பார்க்கத்தான் தலை சீவினார்.

அந்த மனிதரிடம் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து ‘உங்கள் கோப்புகள் எல்லாம் போய்விடலாம்’ என்று சொன்னால் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? எதிரணி நண்பர்களே, அவர் ஏன் கேள்வி கேட்காமல் காசு கட்டினார் என்று இப்போது தெரிகிறதா? மூன்று காவலர்கள் இருந்தும் அந்தக் குரலுக்கு உலகத்தில் வேறு நகல் இல்லை. அவருக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரைப் பயமுறுத்த மட்டும் ஆள் இருந்தது. வருடத்துக்கு நாலு தடவை அந்த வீட்டுக்குப் போன நான் கூட ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து “என்ன மாமா பார்க்கிறீங்க?” என்று கேட்டதில்லை.

அன்றைக்கே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, கழற்றி, அவர் பீரோவில் வைத்தேன். இன்னொரு நகல் என்னிடம் இருக்கிறது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. இரண்டு வாரம் கழித்து மாமா போனில் சொன்னதை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

“மாப்ளே, இப்பல்லாம் உங்க அத்தை சீக்கிரமே வந்துடறா.”

வணக்கம்.