ஆறும் ஒன்பதும்

(காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், மாணவியர் கோ-கோ அணிக்குச் சீருடை வழங்கிய விழாவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியது.)

பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம்.

மேடை ஏறுமுன் அந்த வேப்பமரத்தடியில் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். 7-ஆம் நம்பர் பனியன் யாருக்கு என்று மூன்று பேருக்குள் சண்டை. "நான்தான் டீச்சர்ட்ட மொதல்ல சொல்லி வச்சேன்" என்கிறாள் ஒருத்தி. "போன வருசம் நீதானே போட்ட" என்கிறாள் இன்னொருத்தி. மூன்றாவது பிள்ளை ஒன்றும் பேசவில்லை, கண் மட்டும் கலங்கி நிற்கிறது. பெண் பிள்ளைகளும் விளையாட்டும் என்று பேசும்படி தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் இந்த நம்பரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் அப்பா தையற்காரர். கல்லுக்கட்டிப் பக்கம் சின்னக் கடை, ஒரே ஒரு மெஷின். 1979-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் முதன்முதலாகப் பெண்களுக்குக் கோ-கோ அணி சேர்த்தார்கள். பன்னிரண்டு நீலப் பனியன் வந்து இறங்கியது. நம்பர் இல்லை. வெளியே கொடுத்துப் போட்டுவரப் பள்ளியில் காசும் இல்லை. "உங்க அப்பாதான் தைக்கிறாரே" என்று மூட்டையை என் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி இருந்தார்கள். அம்மா போய்க் கேட்டதும், பெட்டகத்தைத் திறந்து பழைய மல் வேட்டி இரண்டை எடுத்துக் கொடுத்தார்கள். செட்டியார் கட்டிய வேட்டி. துவைத்துத் துவைத்து வெண்ணெய் போல ஆகியிருந்தது. ஓரத்தில் சேராங்கொட்டைச் சாயத்தில் சலவைக் குறி, இரண்டு கோடும் ஒரு புள்ளியும். சேராங்கொட்டைக் கறை எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. எந்த வீட்டுத் துணி என்று சலவைக்காரர் அதைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுப்பார். யோசித்துப் பாருங்கள், பனியனுக்கு நம்பர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் ஊர்த் துணிக்கு நம்பர் இருந்திருக்கிறது.

அப்பா எப்படி நம்பர் வெட்டினார் என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. காலண்டர் அட்டையில் முதலில் ஒவ்வொரு எண்ணாக வரைந்து வெட்டிக்கொண்டார். அதைத் துணிமேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு. வெட்டும்போது ஓரம் மடிக்கக் கால் அங்குலம் கூட விடுவார். மடித்து, கையால் நூலோட்டம் போட்டு, அப்புறம்தான் மெஷின். பனியன் துணி இழுத்தால் இழுபடும். அப்படியே தைத்தால் நம்பர் சுருங்கிக் கொசுவம் வைத்தது போல ஆகிவிடும். அதனால் அடியில் செய்தித்தாளைக் கொடுத்துச் சேர்த்துத் தைப்பார், தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடுவார். 1 என்றால் ஐந்து நிமிட வேலை. 4-உம் 7-உம் நேர்க்கோடு, தொல்லை இல்லை. 8 இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. வெளி வளைவு போதாதென்று உள்ளே இரண்டு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் மடித்துத் தைக்க வேண்டும். பெயர் வரிசையில் எட்டாவதாக நின்றவள் நான். "உனக்குத்தானாம்மா எட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே ராத்திரி பதினொன்று வரைக்கும் உட்கார்ந்து தைத்தார். துணி பற்றாமல் என் எட்டின் அடிவளைவில் அந்தச் சலவைக் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கோடு, ஒரு புள்ளி. மூன்று வருடம் அது என் முதுகில் இருந்தது.

புள்ளி என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு கணக்கு ஞாபகம் வரும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வழக்கில் கல்யாணமான ஓர் இணை ஒரு புள்ளி. இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களிலும் புள்ளிக் கணக்கு உண்டு. எங்களைப் போன்றவர்களின் தெருவில் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். அது ஆண் தலைக்கு. நோட்டில் அப்பா பெயர் இருக்கும், கல்யாணமானதும் அண்ணன் பெயர் ஏறும். பதினாலு வயதுப் பெண் பிள்ளை எந்த நோட்டிலும் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, அன்றைய வழக்கு அது. ஆனால் என்னை எண்ணி, எனக்கென்று ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை ஒருவர் பேனாவால் தாளில் எழுதியது கோ-கோ மைதானத்தில்தான் முதல் தடவை. ஸ்கோரர் மேசையில் குனிந்து பார்த்தேன். 8 என்று எழுதியிருந்தது. அடடா, நான்தான் அது! அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பூரிப்பு இந்த வயதிலும் அடங்கவில்லை.

நம்பர் எதற்கு? ஆடுகிறவருக்காக வந்தது இல்லை அது. பார்க்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் வேண்டியிருந்ததால் வந்தது. 1928 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தில் ஆர்சனல், செல்சீ என்ற இரண்டு கால்பந்து அணிகள் முதுகில் நம்பர் போட்டு இறங்கின. 1933-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் எவர்டன் அணிக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு எண், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 1939-இல்தான் அங்கே லீக் ஆட்டங்களுக்கு நம்பர் கட்டாயமானது.

கூடைப்பந்து ஆடிய அக்காமார் இங்கே இருந்தால் தெரியும், அந்தக் காலத்தில் அணியில் 1, 2, 3 இருக்காது. 4-இல் தொடங்கி 15-இல் முடியும். நடுவர் ஸ்கோரர் மேசைக்கு விரலால்தான் பேசுவார். புள்ளிக்கு ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று காட்டுவார். ஃபவுல் செய்தவரின் நம்பரையும் விரலால்தான் காட்ட வேண்டும். இரண்டும் குழம்பக் கூடாதே, அதனால் அந்த மூன்றையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2014-க்குப் பிறகுதான் சர்வதேச விதி தளர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 2023 வரை 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே கூடாது. ஒரு கைக்கு ஐந்து விரல்தானே! நீங்கள் அடித்துக்கொள்கிற 7-ஐ அங்கே யாரும் போட்டிருக்க முடியாது.

நம் கோ-கோவில் நம்பர் இன்னும் கறாரான சமாச்சாரம். விரட்டும் அணியில் ஒன்பது பேர், எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார, ஒருத்தி விரட்டுவாள். ஓடுகிற அணி மூன்று மூன்று பேராக இறங்கும். எந்த வரிசையில் இறங்குவார்கள் என்று முன்கூட்டியே ஸ்கோரரிடம் நம்பரைக் கொடுத்துவிட வேண்டும். யார் அவுட், யார் கையால் அவுட், எத்தனையாவது நிமிடத்தில் என்று எல்லாம் நம்பரில்தான் பதிவாகும். தாளில் பெண்கள் ஓடுவதில்லை, எண்கள்தான் ஓடும்.

இப்போது சொல்லப்போவதைப் பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு போட்டிக்குப் போனோம். முந்தைய வாரம் இரண்டு பனியனில் நம்பர் பிய்ந்துவிட்டது. அப்பாவுக்கு டைபாய்டு, படுத்த படுக்கை. நானே மெஷினில் உட்கார்ந்தேன். 6-க்கும் 9-க்கும் அப்பா ஒரே அட்டையைத்தான் வைத்திருந்தார், திருப்பி வைத்தால் மற்றது. நான் அவசரத்தில் திருப்பவில்லை. 6 என்று நினைத்து 9-ஐத் தைத்துவிட்டேன். மடித்து வைத்த பனியனை மறுநாள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம். எங்கள் அணியில் இரண்டு ஒன்பது.

முதல் மூவரில் எங்கள் 6 இறங்கினாள். தொடப்பட்டாள். முதுகைப் பார்த்த ஸ்கோரர் 9 அவுட் என்று எழுதினார். மூன்று பேரும் போய் அடுத்த மூவர் இறங்கும்போது உண்மையான 9 ஓடி வந்தாள். விசில். "ஒன்பது ஏற்கெனவே அவுட்." அவள் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, "சார், நான் இப்பத்தான் வர்றேன் சார்" என்கிறாள். யார் கேட்பது? தாளில் எழுதியாகிவிட்டது. பேசிப் பேசிக் கடைசியில் அவளை வெளியே அனுப்பினார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். தப்பு அந்த ஸ்கோரருடையது என்று அன்றைக்கு எல்லாரும் திட்டினார்கள். அவர் கண்ணுக்கு 9, அவர் 9 எழுதினார். தப்பு என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா தேறி எழுந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பனியனையும் பிரித்துத் தைத்து, 6-க்குக் கீழே ஒரு கோடு, 9-க்குக் கீழே ஒரு கோடு வைத்தார். நான் வேலை பார்த்த முப்பத்துச் சொச்சம் வருடமும் எந்த அணிக்கு நம்பர் போட்டாலும் அந்தக் கோடு இருந்தது. உங்கள் பனியனிலும் போடச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

அந்த 9 பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கல்யாணம். பிறகு நான் அவளைப் பார்த்தது இருபத்தெட்டு வருடம் கழித்து, கொப்புடையம்மன் திருவிழாக் கூட்டத்தில். இடுப்பில் பேரப்பிள்ளை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள். நலம் விசாரிக்கவில்லை. "நான் அன்னிக்கு அவுட் ஆகலடி" என்றாள். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அப்ப நான் அவுட் ஆகலைன்னு உனக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்றேன். அவள் முகம் தெளிந்த தெளிவு இருக்கிறதே, அதை நான் எப்படிச் சொல்வேன்?

பிள்ளைகளே, 7 வேண்டும் என்று ஏன் கேட்கிறீர்கள் என்பது தெரியும். தோனி. அவருக்கு அந்த எண் பிறந்த நாள் கணக்கில் வந்தது. ஜூலை மாதம் 7-ஆம் தேதி பிறந்தவர். உங்கள் பிறந்த நாள் 7 இல்லையே? சச்சினுக்குப் பின் இந்திய அணியில் 10-ஐ யாரும் போடாமல் இருந்தார்கள். 2017-இல் இலங்கையில் ஓர் இளம் பந்துவீச்சாளர் அதைப் போட்டு இறங்கியதும் அவரை எப்படியெல்லாம் ஏசினார்கள்! எனக்கு அது ஒப்பவில்லை. பெரிய நாடு, பெரிய ஆட்டக்காரர், அங்கே அப்படி ஒதுக்கி வைக்கட்டும். நம் பள்ளியில் இருப்பதே பன்னிரண்டு எண். ஒன்றைப் பூஜையறையில் வைத்தால் ஒரு பிள்ளைக்கு எண் இருக்காது.

ஹாலந்து நாட்டில் யோகான் கிரைஃப் என்று ஒரு கால்பந்து வீரர். 1970-இல் ஓர் ஆட்டத்துக்கு முன் சக ஆட்டக்காரர் ஒருவருக்குச் சட்டை காணவில்லை. தன் சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, கிரைஃப் 14-ஐ எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். அப்போது 14 மாற்று ஆட்டக்காரர் எண். கடைசி வரை அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சிலி நாட்டு ஸமோரானோ இத்தாலியில் ஆடும்போது 9-ஐ விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. 18-ஐ வாங்கி, 1-க்கும் 8-க்கும் நடுவில் கூட்டல் குறி போட்டுக்கொண்டார். கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டல் குறியைத் தைத்த கை யாருடையதோ, அதைப் பார்க்க எனக்கு ஆசை.

அப்பாவின் காலம் போய், எக்ஸ்ரே பிலிமைக் கழுவி நம்பர் வெட்டி அதன்மேல் பெயின்ட் அடித்தோம். பிறகு ஸ்கிரீன் பிரின்டிங். இப்போது அளவும் பெயரும் அனுப்பினால் திருப்பூரிலிருந்து நம்பரும் பெயரும் துணியோடு துணியாக அச்சாகி வருகிறது. பிய்யாது, சுருங்காது. நல்லதுதான். வடத்தில் கட்டிய மாட்டை அடக்கும் வடமாடு மஞ்சுவிரட்டில் ஒன்பது பேரும் நம்பர் பனியனோடு இறங்குகிறார்கள், மைக்கில் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் கோ-கோ உலகக் கோப்பை நடந்ததே, நம் பெண்கள் நேபாளத்தை 78–40 என்று ஜெயித்தார்கள், ஆண்களும் ஜெயித்தார்கள். தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளைகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் நம்பரைத்தான் தேடும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ஒன்பது பேர் ஆடுவார்கள், மூன்று பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பனியன் பற்றாதபோது, "நீ ஆடப்போறதில்லையே" என்று அவர்களுடையதைக் கழற்றி வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். வேண்டாம். ஆட்டத் தாளில் அந்தப் பிள்ளையின் எண்ணும் எழுதியிருக்கிறது. முடிந்தால் தாளைத் தூக்கிப் போடாமல் கட்டி வையுங்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் பெயர் வெட்டி வைக்கிற ஊர் இது, கரண்டிக்குக்கூட விலாசம் இருக்கும். பிள்ளைகள் ஓடிய தாளை வைக்க ஓர் அலமாரி கிடைக்காதா?

நேரம் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. தலைமையாசிரியர் ஐயா, ஒன்றிலிருந்து கூப்பிட வேண்டாம், கடைசியிலிருந்து கூப்பிடுவோம். பன்னிரண்டு யாரும்மா? அந்த வேப்பமரத்தடியில் பேசாமல் நின்ற பிள்ளையா? வாடா கண்ணு. ஓடி வா.