களஞ்சியக் கதையில் காணாமற்போனவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பொருட்செல்வத்தையும் ஆத்தும செல்வத்தையும் பற்றிக் கிறிஸ்தவர் பார்வையில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நம் மலேசியாவில் இரண்டு வகைப் பிரசங்கம் காது புளிக்கக் கேட்டாகிவிட்டது. 'ஏழ்மையே பாக்கியம், வாயை மூடிக்கொண்டு இரு' என்பது ஒன்று. 'காணிக்கை போடு, நூறு மடங்காகத் திரும்பி வரும்' என்பது மற்றொன்று. முதலாவது முதலாளிக்கு வசதி. இரண்டாவது பிரசங்கியாருக்கு வசதி. 55 வயதில் இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்து, ரப்பர்த் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று கலங்கி நிற்பவரிடம் போய் அந்தப் பணத்தை 'விதைக்க'ச் சொல்கிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களை விட்டுவிட்டு வேதத்துக்கே போவோம்.

லூக்கா 12ஆம் அதிகாரம். கூட்டத்திலிருந்து ஒருவன், சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டும் என்று இயேசுவிடம் கேட்கிறான். நம் ஊரிலும் கருமாதி முடிந்த மறுநாள் எழுகிற பேச்சுத்தான். இயேசு அந்தப் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. ஒரு கதை சொன்னார். பணக்காரன் ஒருவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. "என் களஞ்சியங்களை இடித்து, பெரிதாகக் கட்டி" எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு, "ஆத்துமாவே... நீ இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போவதாக நினைக்கிறான். அன்று இரவே உயிர் போகிறது.

அந்த மனிதன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றியதாகவும் சொல்லப்படவில்லை. ஆனால் அவன் பேச்சில் வேறு ஒரு மனிதர்கூட இல்லை. என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்கள். கலந்து பேச மனைவி இல்லை, அண்டை வீட்டார் இல்லை. அதைவிட வேடிக்கை, அறுவடை செய்தவர்கள் இல்லை. களஞ்சியத்தை நிரப்பும் அளவு கதிர் தானாகவா வந்து குவிந்தது?

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு கித்தாக்காடு என்கிற ரப்பர்க் காடு. வெயில் ஏறியதும் வாளிகளோடு ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு முன் வரிசை நிற்கும். எடை போட்டு, பாலில் மெட்ரோலாக் குழாயை அமிழ்த்தி, எத்தனை பங்கு ரப்பர் என்று அளவு பார்த்து எழுதுவோம். பால் வெட்டிய அம்மா தராசு முள்ளைப் பார்க்கமாட்டார். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். அரை கிலோவைக் குறைத்து எழுதினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், தோளில் சுமந்து வந்தவர் அல்லவா? "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் படிக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

லூக்காவின் கதையில் காணாமற்போன அந்தத் தொழிலாளிகள் யாக்கோபின் நிருபத்தில் வந்துவிடுகிறார்கள், அதுவும் சத்தத்தோடு. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்கிறார் யாக்கோபு. எனவே கூலி உயர்வு கேட்பது ஆவிக்குரிய வாழ்வுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள்.

சேமிப்பதே பாவமா என்று கேட்கலாம். இல்லை. யோசேப்பும் எகிப்தில் களஞ்சியம் நிரப்பினான். ஏழு வருடப் பஞ்சத்தில் அதைத் திறந்துவிட்டான். (கடைசியில் ஜனங்களுடைய நிலமெல்லாம் பார்வோனுக்குப் போய்ச் சேர்ந்ததையும் ஆதியாகமம் மறைக்கவில்லை. தோட்டத்து மக்கள் அந்தப் பகுதியையும் படிக்கவேண்டும்.) நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள்; குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960இல், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அது சபை நடத்திய காரியம் அல்ல. கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆனால் பலர் சேர்ந்து பலருக்காகக் கட்டிய களஞ்சியம் எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

கதையின் முடிவில் "தேவனிடத்தில் ஐசுவரியவான்" என்று இயேசு சொல்கிறார். அது என்ன செல்வம்? ஜெபமா, மன அமைதியா? இரண்டும் வேண்டியதுதான். ஆனால் அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி அவரே விளக்கிவிடுகிறார்: "உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சைகொடுங்கள்." நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவில் ஆயராக இருந்த பசிலியார் இதே கதையை எடுத்துப் பேசியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் அங்கி ஆடையில்லாதவனுடையது என்றார். கொடுப்பதைத் தர்மம் என்றுகூட அவர் விடவில்லை, கடன் தீர்ப்பதாகவே பேசினார்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலர், 'நாங்கள் எங்கே பணக்காரர்' என்று நினைக்கலாம். ஆனால் காலம் மாறிவிட்டது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. குலை வெட்டுவதற்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். நம் பிள்ளைகள் குத்தகை எடுக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், உணவுக்கடை நடத்துகிறார்கள். பெரட்டில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அந்தக் கடைகளில் எத்தனையில், தட்டு கழுவுகிறவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் மேசை அறையில் பூட்டிக் கிடக்கிறது? மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். உபாகமம் அதைவிடக் கெடுபிடி. உன் ஊரிலுள்ள அந்நியனானாலும், வேலை செய்த அன்றே பொழுது சாயுமுன் கூலியைக் கொடு, அவன் அதை நம்பியிருக்கிறான் என்கிறது.

அப்படிக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஞாயிறன்று தசமபாகக் கவரோடு ஆலயத்துக்கு வருகிறவருக்கு இயேசு மலைப்பிரசங்கத்தில் வழி சொல்லியிருக்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு. ஆராதனை பாதியில் இருந்தாலும் எழுந்து போகலாம். போதகர் கோபிக்கமாட்டார், கோபித்தால் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.