ஹாரியர்களைச் சுமந்த சரக்குக் கப்பல்

நண்பர்களே,

1982 ஏப்ரல் 2 அன்று தென் அட்லான்டிக்கில் பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. மூன்றே நாளில் ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் பிரிட்டனிலிருந்து கிளம்பிவிட்டன. ஹெர்மிஸ் நமக்குத் தெரிந்த கப்பல்தான். பின்னாளில் இந்தியா வாங்கி விராட் என்று பெயர் வைத்ததே, அதே கப்பல்.

இரண்டிலும் சேர்த்து 20 சீ ஹாரியர்கள் இருந்தன, நின்ற இடத்திலேயே செங்குத்தாக இறங்கக்கூடிய போர் விமானங்கள். கடற்படையில் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத புது விமானம். போர்க்களமோ சுமார் 13,000 கி.மீ. தொலைவில். ஒன்று விழுந்தால் அதற்குப் பதில் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் அட்லான்டிக் கன்வேயர். போர்க்கப்பல் இல்லை, சாதாரண கன்டெய்னர் கப்பல். டெவன்போர்ட் துறைமுகத்தில் இரவும் பகலும் வேலை பார்த்து, மேல்தளத்தின் இரண்டு ஓரத்திலும் கன்டெய்னர்களைச் சுவர்போல அடுக்கினார்கள். காற்றும் அலையும் விமானங்களைத் தாக்காமல் இருக்க அதுதான் மறைப்பு.

விமானங்கள் அந்தக் கப்பலில் ஏறியது பாதி வழியில், அசென்ஷன் தீவில். பிரிட்டனிலிருந்து அங்கே பறந்து வர, விக்டர் டேங்கர் விமானங்கள் நடுவானில் எரிபொருள் கொடுத்தன. விமானப்படையின் ஜிஆர் 3 ஹாரியர்களுக்கு இது ஏறக்குறைய ஒன்பது மணி நேரப் பயணம். ஒற்றை இருக்கை. எழுந்து கால் நீட்டக்கூட வழி கிடையாது.

இந்த ஜிஆர் 3 விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அது தரைக்காகச் செய்த விமானம். கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று. சீ ஹாரியரைச் செய்தபோது அரிக்கக்கூடிய மக்னீசியம் பாகங்களை மாற்றியிருந்தார்கள். ஜிஆர் 3-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் இடுக்குகளை அடைத்தார்கள், தண்ணீர் வடிய ஓட்டை போட்டார்கள், ஆடும் தளத்தில் சங்கிலியால் கட்ட வளையம் பொருத்தினார்கள். அதன் வழிகாட்டும் கருவியை அசையாமல் நிற்கும் தரையில்தான் சரிசெய்ய முடியும். கப்பல் எப்போது அசையாமல் நின்றது? அதற்கென்றே அவசரமாக ஒரு தள்ளுவண்டிக் கருவி செய்து அனுப்பினார்கள். இந்த வேலைகளைச் செய்தவர்களுக்கு விமானிகளுக்குச் சமமான மரியாதை தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

8 சீ ஹாரியர், 6 ஜிஆர் 3, ஆக 14. பெரும்பாலானவற்றை உறைபோட்டு மூடி, ஒரு சீ ஹாரியரை மட்டும் தயார்நிலையில் வைத்துத் தெற்கே போனார்கள். மே 18 முதல் அவை ஒவ்வொன்றாக விமானந்தாங்கிகளுக்கு மாறின.

எதிர்த்தரப்புக்கும் இதே தலைவலிதான். தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியில் ஓடுதளம் நீளம் போதாது. வேகமான ஜெட்கள் அங்கே தங்க முடியாமல் தாய்நாட்டிலிருந்தே பறந்து வந்து, தீவுக்கு மேல் சில நிமிடம் மட்டும் நின்று திரும்பின. புதிய சூப்பர் எட்டான்டார்ட் விமானம் ஐந்துதான் வந்து சேர்ந்திருந்தது, எக்சோசெட் ஏவுகணையும் ஐந்தே ஐந்து. பிரான்ஸ் மேற்கொண்டு அனுப்பவில்லை.

அந்த ஐந்து ஏவுகணைகளில் இரண்டை மே 25 அன்று ஏவினார்கள். அட்லான்டிக் கன்வேயர் தீப்பிடித்தது. கேப்டன் இயன் நார்த் உட்பட 12 பேர் இறந்தார்கள். ஹாரியர்கள் ஒரு வாரம் முன்பே இறங்கிவிட்டன. ஆனால் மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும், கரையில் ஹாரியர் ஓடுதளம் போட வைத்திருந்த உலோகப் பலகைகளும் போயின. ஹெலிகாப்டர் இல்லாத வீரர்கள் மூட்டையைச் சுமந்து ஸ்டான்லி நோக்கி நடந்தார்கள். கிடைத்த பலகைகளை வைத்து, தீவில் சான் கார்லோஸ் என்ற இடத்தில் ஒரு குட்டி ஓடுதளம் போட்டு, ஜூன் 5 அன்று திறந்தார்கள்.

அப்புறமும் ஜிஆர் 3 தேவைப்பட்டது. கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் நான்கு விமானங்கள், இரண்டிரண்டாக, அசென்ஷனிலிருந்து நேராகப் பறந்தன. வழியில் இறங்க ஒரு பிடி மண் கிடையாது. நடுவானில் எரிபொருள் வாங்கி வாங்கிப் போய், தென் அட்லான்டிக்கில் ஹெர்மிஸின் தளத்தில் நான்கும் இறங்கின.