ரெண்டு பேரும் சம்பாதிச்சும் ஏன் ஐப்பசியில நகை அடகுக்குப் போகுது?

அடுத்த கேள்வி திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறார், இவங்க தையல். நல்ல மாசத்துல 24,000 வருது. ஒரு ஏக்கர் சம்பாவும் உண்டு. "ஆடம்பரம் ஒண்ணும் இல்ல சார், ஆனா வருஷா வருஷம் ஐப்பசி மழையில நகை அடகுக்குப் போயிடுது, ஏன்?"னு கேக்குறாங்க.

கணக்கையும் எழுதியிருக்காங்க, நல்லது. வண்டி டியூ 3,200, போன் டியூ 1,500, ரெண்டு குழுக் கடனுக்கு மாசம் 5,600. மொத்தம் 10,300. குழுக் கடன் கொடுக்கிறப்போ, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022லயே விதி போட்டிருக்கு. 24,000ல பாதி 12,000. அப்போ நீங்க விதிக்குள்ளதான் இருக்கீங்க. ஆனா மழையில வண்டி நின்னு வருமானம் 12,000 ஆகுதுன்னு வைங்க. டியூ போக மிச்சம் 1,700. அதுல அரிசி, பருப்பு, ஸ்கூல் வேன், கேஸ் எல்லாம் ஆகணும். எப்படி ஆகும்?

உங்களுக்கு வருமானம் கம்மின்னு நான் சொல்ல மாட்டேன். வரவு விட்டு விட்டு வருது, டியூ தேதி தவறாம வருது. உங்க ஊர் கடைமடை, காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தாலும் தண்ணி வந்து சேர நாளாகும், சம்பாவைத்தான் நம்பியாகணும். அந்தக் காசு தை, மாசியிலதான். அதுவும் கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு மெஷின்ல பார்த்து, மூட்டை எடை போட்டு, அப்புறம்தான் பணம் அக்கவுண்டுக்கு வரும். குழு மீட்டிங் அதுவரைக்கும் காத்திருக்குமா? நீங்க கட்டலைன்னா பக்கத்துல உக்காந்திருக்கிற அக்கா தலையில விழும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே தாலிச் செயின் வரைக்கும் கழட்டுறாங்க நம்ம பொம்பளைங்க.

இப்ப நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது. நெல்லுக் காசு வந்ததும் முதல் வேலையா நகையைத் திருப்பாதீங்க. பங்குனியில கல்யாணம் வருது, கழுத்து வெறுமையா இருக்கேன்னு தோணும், புரியுது. ஆனா பேங்க் நகைக்கடன் வட்டி 10 சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான், குழுக் கடன் பெரும்பாலும் 20க்கு மேல. அதனால ரெண்டு குழுக் கடன்ல ஒண்ணை முழுசா முடிங்க. முன்னாடியே முடிச்சா அபராதம் வாங்கக் கூடாது, அதுவும் அதே விதியில இருக்கு. நகைக்கு வட்டியை மட்டும் கெடு தாண்டாம கட்டிடுங்க, இல்லன்னா ஏலம் வரைக்கும் போயிடும்.

ஒரு கடன் முடிஞ்சதும் "புதுசா 60,000 தர்றோம் அக்கா"ன்னு வீட்டு வாசலுக்கே வருவாங்க. அப்போ நல்ல மாச வருமானத்தைச் சொல்லாதீங்க. கார்த்திகை மாசம் என்ன வந்துச்சோ, அதைச் சொல்லுங்க.

சீட்டு சேரலாமான்னும் கேட்டிருக்கீங்க. பதிவு பண்ணின சீட்டா இருந்தா பார்க்கலாம், ஆனா இந்த வருஷம் வேண்டாம், அதுவும் இன்னொரு டியூதான். சரி, அடுத்த கேள்வி.