ஆம்பளையப் பார்த்து 'இன்த்தி'ன்னு சொல்ற ஊரு

வணக்கம் மக்களே. வெள்ளிக்கிழமை, தோஹாவுல லீவு. ஏசி கொஞ்சம் உறுமும், பொறுத்துக்கோங்க.

எங்க ஹோட்டல் கிச்சன்ல பேஸ்ட்ரி பக்கம் ஒரு துனிசியாக்காரர் இருக்கார். வந்த புதுசுல என்னைய "இன்த்தி, இன்த்தி"ன்னே பேசுவார். எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்கும். ஏன்னா அரபில 'நீ'ன்றதுக்கு ரெண்டு வார்த்தை. ஆம்பளைக்கு 'இன்த்தா', பொம்பளைக்கு 'இன்த்தி'. (நம்மாளுங்க மேடத்தையே 'இன்த்தா'ன்றது தனிக் கதை.)

எகிப்துக்கார சீனியர் ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிச்சார். "கோச்சுக்காத, துனிஸ்ல அப்பாவையும் இன்த்திதான், அம்மாவையும் இன்த்திதான்"னார்.

நிஜமாவே அப்படித்தாங்க. தலைநகர் துனிஸ் பேச்சுல முன்னால நிக்குறவங்க ஆணா பெண்ணான்னு இலக்கணம் பாக்குறதே இல்ல. வினைச்சொல்லும் அப்படியே. 'நீ எழுதுற'ன்றதுக்கு யாரா இருந்தாலும் 'திக்திப்'. மத்த ஊர்ல பொம்பளைன்னா 'திக்திபி' ஆகும்.

ஆனா அதே துனிசியாவுல கிராமத்துப் பக்கம், தெற்குப் பக்கம் போனா இன்த்தா வேற, இன்த்தி வேற. புத்தக அரபில இருக்குற மாதிரியே. அப்போ எது கௌரவம்னு நெனைக்கிறீங்க? புத்தகத்துக்குப் பக்கத்துல இருக்குறதுன்னுதான் நானும் நெனைச்சேன். இல்ல! ஆண் பெண் பிரிச்சுப் பேசினா துனிஸ்காரங்க காதுக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சு.

இன்னொண்ணு கேளுங்க. 'சொன்னான்'றதை துனிஸ்ல தொண்டைக்குள்ள இருந்து வர்ற 'க' போட்டு 'கால்'னு சொல்வாங்க. கிராமத்துல 'கங்கா'வோட முதல் எழுத்து மாதிரி 'க'. நம்ம எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், என்ன பண்றது! இங்க புத்தகத்துக்குப் பக்கத்துல இருக்குறது நகரத்துக்காரன். சத்தத்துல நகரம், இலக்கணத்துல கிராமம். ஆனா ரெண்டுலயும் மதிப்பு மட்டும் நகரத்துக்குத்தான். இதுல புத்தகம் எங்க வந்துச்சு? யார் வாயில இருந்து வருதுன்றதுதான் கணக்கு. படிக்க, வேலைக்குன்னு துனிஸ் வர்ற புள்ளைங்க பலர் முதல்ல மாத்துறது இந்தக் 'க'வைத்தானாம். இத்தனைக்கும் காஃப்ஸா, காபெஸ்னு ஊர் பேரே அந்த கங்கா 'க'லதான் ஆரம்பிக்குது. ஆனா மாட்டுக்குன்னா துனிஸ்காரரே அந்த 'க' போட்டு 'பக்ரா'ன்னுதான் சொல்றார். கேட்டா, "மாடு கிராமத்துல இருந்துதான வந்துச்சு"ன்றார். காரணம் அதுதானான்னு தெரியல, சிரிச்சிட்டேன்.

போன வாரம் ஷிஃப்ட் முடியுற நேரம். இவர் ஏப்ரனைக் கழட்டிக்கிட்டே "நிம்ஷி"ன்னார். அவங்க ஊர்ல அதுக்கு 'நான் போறேன்'னு அர்த்தம். எகிப்துல 'நாம போறோம்'. சீனியரும் பாதி வேலைய விட்டுட்டு ஏப்ரனைக் கழட்டிட்டார்! 'நாங்க போறோம்'னா இவர் 'நிம்ஷீவ்'னு சொல்லிருப்பார்.

இப்பல்லாம் கிச்சன்ல எல்லாரையும் 'இன்த்தா'ன்னு கவனமா சொல்றார். வீட்டுக்கு போன் போட்டா அடுத்த நொடி அப்பாவுக்கு 'இன்த்தி'. அன்னைக்கு டீ குடிக்கிறப்போ அவர்கிட்ட சொன்னேன், எங்க தமிழ்லயும் 'நீ' ஒண்ணுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும். மனுஷன் துள்ளிக் குதிச்சு ஓடிப்போய் சீனியர்கிட்ட, "பாத்தியா, இவங்களும் எங்கள மாதிரிதான்"னார்.

சீனியர் வெங்காயத்துல இருந்து தலைய நிமிர்த்தவே இல்ல. "அப்போ ரெண்டு பேருமே தப்பு"ன்னுட்டார்.