சுவரும் வாழைப்பழமும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைக் கைக்குழந்தை போல வளர்த்துவரும் நூலகர் ஐயா அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நகர்மன்ற உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். மின்னுகிற பொன்னாடை வேண்டாம் என்று நல்ல கைத்தறித் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் மழையில் விழுந்தபோது அலைந்து திரிந்து அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். என் வாயில் அடிக்கடி வரும் பழமொழி அது. இன்றைக்கும் வரும்.

தலைப்பு, "இன்றைய ஓவியச் சந்தையும் அதன் விலைகளும்". மூன்று விஷயங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். இந்த விலை எப்படி உண்டாகிறது என்பது ஒன்று. அதில் படைத்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது இரண்டு. நம் ஊர் அருங்காட்சியகங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று.

2019 டிசம்பர். அமெரிக்காவில் மயாமி கடற்கரையில் ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தை. இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தை வெள்ளி நிற டேப்பால் சுவரில் ஒட்டினார். 'காமெடியன்' என்று பெயர் வைத்தார். விற்பனைக்கு மூன்று பிரதிகள். ஆரம்பத்தில் சொன்ன விலை 1,20,000 டாலர். அதில் ஒன்று 2024 நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. 10 லட்சம் முதல் 15 லட்சம் டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சுத்தியல் விழுந்தது 52 லட்சத்தில். ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்து 62 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 52 கோடி ரூபாய். எடுத்தவர் ஜஸ்டின் சன், கணினியில் மட்டுமே புழங்கும் கிரிப்டோ நாணயத்தில் தொழில் செய்பவர். ஒன்பதாம் நாள் ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து அதை உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

இதைப் படித்த சமயத்தில் பேத்தியின் காதுகுத்துக்காக இரண்டு தார் வாங்கத் திருச்சி வாழைக்காய் மண்டிக்குப் போயிருந்தேன். விடியற்காலை. வரிசை வரிசையாகத் தார்கள் நிற்கின்றன. ஏலம் கூறுகிறவர் கம்மிய குரலில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிக்கொண்டே நகர்கிறார். எனக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர், எழுபது வயது இருக்கும், "வாங்க வாத்தியாரே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னார். அமெரிக்காவில் ஒரே ஒரு பழம் 52 கோடிக்கு ஏலம் போன கதையை அவரிடம் சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ரகம்?"

"படத்தப் பாத்தா நம்ம மோரிஸ் மாதிரிதான் இருக்குங்க" என்றேன்.

"மோரிஸா! ரஸ்தாளின்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு" என்றவர், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து டீ டம்ளருக்குக் கீழே இருந்த காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். அன்றைக்குப் பூவன் தார் 400 ரூபாய்க்குப் போயிருந்தது. "பதிமூணு லட்சம் தார், வாத்தியாரே! லாரிக்கு ஐந்நூறுன்னு வெச்சா 2,600 லாரி. வரிசையா நிறுத்துனா எங்க போய் முடியும்?" அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டு லாரி டிரைவர்கள் சமயபுரம் தாண்டுமா, பாடாலூர் வரைக்கும் போகுமா என்று தர்க்கம் பண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஏலம் கூறுகிறவர்கூட நின்றுவிட்டார்.

அப்போது சுமை இறக்கிவிட்டு வந்த ஒரு தொழிலாளி, சட்டை முழுக்க வாழைக்கறை, தோளில் துண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாலு நாள்ல அழுகிடுமேங்க. அப்புறம் அந்தாளு என்ன பண்ணுவாரு?"

நான் விளக்கினேன். "பழம் அழுகினா வேற பழம் வாங்கி ஒட்டிக்கலாம். எந்த உயரத்துல ஒட்டணும், எப்படி ஒட்டணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கூடவே, இது அசல்தான்னு ஒரு சான்றிதழ் உண்டு."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப அவரு பழத்த வாங்கலீங்க. சிட்டையத்தான் வாங்கியிருக்காரு."

சபையோரே, சந்தை நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். விலை உண்டாவது சிட்டையில்தான். யார் கையெழுத்து, முன்பு யாரிடம் இருந்தது, கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்பதில்தான். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞரின் கணினிப் படத்துக்குக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிடைத்தது 6.93 கோடி டாலர். அதை வாங்கியவர் நம் தமிழர், சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன். அந்தப் படத்துக்குச் சுவரே கிடையாது. அவருக்குக் கிடைத்ததும் கணினிப் பதிவேட்டில் ஒரு வரிதான். பணமும் கிரிப்டோ நாணயமாகவே போயிற்று. தமிழர் வாங்கினார் என்று நாம் பெருமைப்பட்டோம், எனக்கும் பெருமைதான். ஆனால் மனம் ஆறவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஏல நாளன்று அந்தப் பழம் வாங்கியது நியூயார்க் தெருவோரத் தள்ளுவண்டிக் கடையில், 35 சென்ட்டுக்கு. விற்றவர் வங்கதேசத்திலிருந்து போன முதியவர், மணிக்கு 12 டாலர் கூலிக்கு நிற்பவர். அது என்ன விலைக்குப் போனது என்று பத்திரிகைக்காரர் சொன்னதும் அவர் அழுதுவிட்டாராம். எனக்கு அந்த இடத்தைப் படித்தபிறகு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

படைத்தவன் சங்கதிக்கு வருகிறேன். 1973-இல் நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த ஓவியங்களை ஏலம் விட்டார். ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க்கிடம் 900 டாலருக்கு வாங்கிய ஓவியம் 85,000 டாலருக்குப் போயிற்று. ஏலம் முடிந்ததும் ரோஷன்பெர்க் நேரே போய் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார். நான் பாடுபட்டது நீ லாபம் பார்க்கவா என்ற கோபம். அவருக்கு அதில் சல்லிக்காசு வரவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு என்று அமெரிக்காவில் இன்றும் சட்டம் இல்லை. பிரான்சில் 1920-லேயே வந்துவிட்டது.

நம் நாட்டில் உண்டா? உண்டு! 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 53ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓவியமோ சிற்பமோ மறுபடி விற்று, விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், படைத்தவருக்குப் பங்கு. 10 சதவீதத்துக்கு மிகாமல். இந்தப் பங்கைக் கையில் வாங்கினேன் என்று சொன்ன ஓர் ஓவியரைக்கூட நான் சந்தித்ததில்லை. 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' 1.37 கோடி டாலருக்கு மேல் போயிற்று. சினிமா பேனர் எழுதிப் பிழைத்த மனிதர் அவர்.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐயாவின் கட்டளையை மீறியவனல்ல நான். அவர் தலைமையாசிரியராக இருந்த ஐந்து வருடமும் வாரத்துக்கு இரண்டு ஓவியப் பாடவேளையை ஒரு நாளும் கணக்குப் பாடத்துக்குத் தானம் பண்ணாதவர். ஆகவே அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு, நான் சொல்லியே தீரவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரை வைத்துத்தான் சித்திரம். 52 கோடி கொடுத்தவருக்குச் சுவர் இருக்கிறது, சித்திரம் இல்லை. நம் பிள்ளைகளிடம் சித்திரம் இருக்கிறது, சுவர் இல்லை. அந்தச் சுவர் ஓவிய ஆசிரியர்தான். 2012-இல் தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள், மே மாதத்துக்குச் சம்பளமில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் லோயர், ஹையர் என்ற ஓவியத் தேர்வுகளை எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு, பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய் என்று வையுங்கள். அந்த ஒரு பழத்தின் விலை 1,733 ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வருடச் சம்பளம்.

எனக்கு வாய்த்த ஆசிரியர் தூரிகை வாங்க வக்கில்லாத என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், தாழை விழுதை வெட்டி, நுனியைக் கல்லில் வைத்து நசுக்கி, நார் பிரித்துக் கொடுத்தார். காவிக்கல்லைக் கரைத்து வீட்டுத் திண்ணைச் சுவரில் காளைமாடு வரைந்தேன். கொம்பு கோணலாக வந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "மாட்டைப் போய்ப் பாத்துட்டு வாடா" என்றார். மூன்று தடவை தொழுவத்துக்குப் போய்வந்தேன். மூன்றாவது தடவை கொம்பு நேராயிற்று.

வாசலில் மேசைமீது ஒரு மனு இருக்கிறது. பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும், ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. நகர்மன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, நூலகத்தின் பின்சுவருக்கு நூலகர் ஐயா நேற்றே வெள்ளையடித்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். வர்ணம் நான் கொண்டுவருகிறேன். தூரிகை இல்லாதவர்கள் ஆறரைக்கே வந்துவிடுங்கள், ஆற்றங்கரைக்குப் போய்வரலாம். வணக்கம்.