பத்தாம் வசனத்தையும் சொல்லுங்கள்

கர்த்தருக்குள் பிரியமான நேயர்களே, ஸ்தோத்திரம்.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பல வீட்டுச் சுவர்களில் இது இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் பிரசங்கத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகே உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின நிருபம் இது. அதைக் கேட்ட பெரியவர்கள் எருசலேமை இனிக் கண்ணால் காணப்போவதில்லை. அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் சிறையிருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா எழுதினார்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்திலேயே அறிவிக்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார். கேட்க யாருக்குத்தான் இனிக்காது? எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனாலும் கர்த்தர் சொல்லாததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பதினோராம் வசனத்தை மட்டுமே கேட்டு வளர்ந்த விசுவாசி, புற்றுநோய் வார்டில் படுத்திருக்கும்போது என்ன நினைப்பார்? ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்றுதான். பத்தாம் வசனத்தையும் கேட்டவருக்கு, நெடுங்காலச் சிறையிருப்பிலும் அவர் கூட இருக்கிறார் என்று தெரியும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பிரசங்க பீடம்.

ஆகவேதான் வேதத்தை வரிசையாக விளக்குவதை நான் வற்புறுத்துகிறேன். திருச்சபைச் சீர்திருத்தவாதியான ஜான் கால்வினை ஜெனீவா நகரம் 1538-ல் வெளியேற்றியது, 1541-ல் மறுபடி அழைத்தது. துரத்தினவர்களை ஒரு பிடி பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ விட்ட இடத்திலிருந்து வேதபகுதியைத் தொடர்ந்தார். பின்னாளில் உபாகமத்தை மட்டும் 200 பிரசங்கங்களில் விளக்கினார். மாறுபட்ட உபதேசத்துக்காக செர்வீட்டஸ் என்பவரை ஜெனீவாவில் எரித்துக் கொன்ற விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் வசனத்தைத் தாண்டிப்போகாத அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும்.

அதற்குப் படிப்பு வேண்டும், படிக்க நேரம் வேண்டும். நம் ஆயர்களுக்கோ கலியாணம், அடக்க ஆராதனை, கமிட்டிக் கூட்டம் என்று சனிக்கிழமை இரவு வந்துவிடுகிறது. சபைக் கமிட்டியில் இருக்கிற நேயர்களே, கட்டட வேலையையும் கணக்கு வழக்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு காலைப்பொழுதாவது அவரை வேதத்தோடு விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் போன் வந்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள்.